இடம் காட்டியவர்

ஜூன் 9, திங்கள்

செங்குழிவிளை வந்து சேர்ந்தாயிற்று. உரக்கடை மாடியில் ஓர் அறை, ஒரு கட்டில், கதவை அடைத்தாலும் அடங்காத காற்று. ஆனி பிறக்க இன்னும் ஆறு நாள் இருக்கிறது. காற்றுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. சோற்றில் மண், தலையில் மண், பல்லிடுக்கில் மண். ஜன்னலைச் சாத்தப் போனேன், கதவு அறைந்து கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. முதல் நாளே அடி.

ஊருக்குத் தெற்கே கூனித்தேரி. தமிழ்நாட்டுக்குள் ஒரு செம்மண் பாலைவனம் இருக்கிறது, அதற்குத் தேரி என்று பெயர் என்று கல்லூரியில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. இங்கே கொண்டுவந்து ஒரு மணி நேரம் காற்றில் நிறுத்தினால் நம்புவார்கள்.

குவாரிக்காரர் மாசிலாமணிக்கு இந்தத் தேரியில் நூற்றைம்பது ஏக்கரில் மண் அள்ள அனுமதி வேண்டும். அதற்கு முன்னால் இங்கே என்னென்ன செடி இருக்கிறது என்று பட்டியல் வேண்டும். பட்டியல் போட்டுக் கொடுக்கும் நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. "பெருசா ஒண்ணும் இருக்காது மேடம்" என்று மேலாளர் போனில் சொன்னார். இருக்கக் கூடாது என்றுதான் என் காதில் விழுந்தது. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். இருபத்தாறு வருடம் தாவரவியல் நடத்தியவளுக்கு, பார்க்காமல் சொல்லும் பழக்கம் இல்லை.

ஜூன் 11, புதன்

காலை ஆறரைக்குத் தேரி ஏறினேன். நிறுவனத்து டிரைவர் அருமைத்துரை ஜீப்பை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டான். உடைமரம், எருக்கு, கொழிஞ்சி. பட்டியல் மேலாளருக்குப் பிடித்தமாதிரியே போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஒரு கல் என் காதை உரசிக்கொண்டு போய் ஒரு வெள்ளாட்டின் நெற்றியில் பட்டது. ஆடு முழங்காலிட்டு விழுந்தது. பின்னாலேயே ஒருத்தி ஓடிவந்தாள். ஆட்டின் வாயைப் பிளந்து, இரண்டு விரலைத் தொண்டைவரை விட்டு எதையோ பிடுங்கினாள். நெற்றி ரத்தமும் எச்சிலும் அவள் முழங்கை வரை வழிந்தன.

"துப்புட்டி மூதி! இத்தன வயசாவியும் புத்தி வந்திருக்கா ஒனக்கு?"

அவள் கையில் கசங்கியிருந்தது ஒரு மஞ்சள் பூ. எனக்குத் தெரியாத பூ. கல் தலையில் விழுந்திருந்தால்கூட அப்படி அதிர்ந்திருக்க மாட்டேன்.

பெயர் பேச்சித்தாய். முப்பத்தொன்பது வயது, பதினொரு ஆடு, தனிக்கட்டை. "நீங்கதான் செடி எண்ண வந்த டீச்சரா? உரக்கடையில சொன்னாவ" என்றாள். பூவைப் பற்றிக் கேட்டேன்.

"ஊதுகொடி டீச்சர். ஆட்டுக்கு ஆவாது. ஒரு வாய் தின்னா போதும், வயிறு பானை கணக்கா ஊதி, காலை வெறச்சுக்கிட்டுச் செத்துப்போவும். போன ஆனியில ரெண்டு குட்டி போச்சு. அதான் எங்கெங்க கெடக்குன்னு பாத்து வச்சிருக்கேன். வேற எவனுக்குத் தெரியும்? ஊருக்குள்ள எல்லாரும் கெட்டுன ஆட்டுக்குல்லா தழை போடுதாவ."

"எனக்குக் காட்டுவியா?"

"அதுக்கென்ன. நாளைக்கு வெரசா வாங்க. பத்து மணிக்கெல்லாம் பூ துருப்பிடிச்சுப் போவும்."

ஜூன் 12, வியாழன்

தோண்டித் தோண்டி விரல் மடங்கவில்லை. எழுத்து கோணினால் கோணட்டும்.

இரண்டாம் மேட்டின் கிழக்குச் சரிவு. காற்று மேற்கிலிருந்து அடித்து, மணலை உச்சிக்குத் தள்ளி, இந்தப் பக்கம் கொட்டுகிறது. கொட்டும் மணலுக்கு நேர் கீழே, வேறு எதுவும் முளைக்கத் துணியாத இடத்தில், மஞ்சளாக விரிந்து கிடந்தது.

அவரைக் குடும்பம் என்பதில் சந்தேகமில்லை: நிமிர்ந்த ஓர் இதழ், இரண்டு சிறகு, படகு போல ஒன்று. கிலுகிலுப்பைக்குச் சொந்தம் என்று எழுதி, உடனே அடித்தேன். கிலுகிலுப்பைக் காய் காய்ந்தால் விதை உள்ளே ஆடிச் சத்தம் போடும். இதன் காயை எவ்வளவு குலுக்கியும் சத்தம் இல்லை. உடைத்துப் பார்த்தால் ஒவ்வொரு விதைக்கும் தனித்தனி அறை. மூன்று சிற்றிலை. இலையின் அடியில் வெள்ளி மயிர். தண்டில் பசை, அதில் மணல் ஒட்டி, தண்டே செம்மண் நிறம். நான் கொண்டுவந்த எந்த நூலின் இனம் காணும் படிகளிலும் இது அடங்கவில்லை. மூன்று தடவை தொடக்கத்திலிருந்து போனேன். மூன்று தடவையும் முட்டிக்கொண்டு நின்றேன்.

மேலே எண்ணினால் நாற்பத்தொரு செடி. ஒன்றை வேரோடு எடுக்கலாம் என்று தோண்டினேன். ஒரு முழம் போயிற்று, வேர் இல்லை. தண்டுதான். பேச்சித்தாய் கையால் மணலை வாரி வாரி இறைத்தாள். இடுப்பளவு குழியில் நின்றபோது பக்கச்சுவர் சரிந்து என்னை மார்புவரை மூடியது. கத்தக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. பேச்சித்தாய் அக்குளில் கைகொடுத்து இழுத்துப்போட்டாள். நான் இருமி முடித்ததும் திரும்பவும் இறங்கினேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள், தப்பில்லை.

கீழே போகப் போகத் தண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மேலே நாற்பத்தொன்று, அடியில் மூன்றே மூன்று செடி. மேற்குச் சரிவில், மணல் பறிபோன இடத்தில், பழைய தண்டுகள் சுள்ளியாகக் காய்ந்து கிடந்தன.

"மூடமூட ஏறி வரும் டீச்சர். மண்ணு போச்சுன்னாத்தான் சாவும்" என்றாள் பேச்சித்தாய்.

ஒரு செடியின் வாழிடத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த ஆய்வுக் கட்டுரையும் சொல்லி நான் படித்ததில்லை. நூற்றைம்பது ஏக்கர் மண் அள்ளினால் என்ன ஆகும் என்பதும் அதே வாக்கியத்தில் இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

காற்று. தகரம் ஒன்று பறந்து வந்து உரக்கடைக்காரரின் சைக்கிள் டயரை அறுத்துவிட்டுப் போனது. எடுத்த செடிகள் செய்தித்தாள்களுக்கு நடுவே, பலகைக்குள் அமுங்கிக் காய்கின்றன. ஈரமான தாளை மாற்றினேன்.

ஜூன் 16, திங்கள்

ஊதுகொடி நன்றாகக் காய்ந்துவிட்டது. நான்கு தாளில் ஒட்டினேன். பெரிய தாவரக் காப்பகத்துக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒப்பந்தப்படி நிறுவனத்துக்கு ஒன்று.

நான்கு தாளுக்கும் சீட்டு எழுதினேன். சீட்டு இல்லாத செடி வெறும் வைக்கோல் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நாள், இடம், மேடு, சரிவு, எத்தனை அடி, என்ன மண், பூவின் நிறம் எல்லாம் எழுதினேன். குறிப்பு: ஆடுகளுக்குக் கடும் நஞ்சு, வயிறு ஊதிச் சாகும். கடைசி வரி: இடம் காட்டியவர், பேச்சித்தாய், செங்குழிவிளை மேலத்தெரு.

அந்தக் கடைசி வரி என் பழக்கம். அந்தக் காலத்தில் துரைமார் காடு காடாகச் செடி எடுத்தார்கள். வழிகாட்டியவன், சுமந்தவன், மரமேறிப் பறித்தவன் எவன் பெயரும் எந்தச் சீட்டிலும் இல்லை. நான் அப்படி இல்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு சீட்டில்கூட விட்டதில்லை. என்னிடம் இருக்கும் நல்ல குணங்களைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பேச்சித்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். "எம்பேரா? ரேஷன் கார்டுக்குப் பொறவு இதுலதான் டீச்சர்" என்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

நிறுவனத்துத் தாளை உறையில் போட்டு ஒட்டி அருமைத்துரையிடம் கொடுத்தனுப்பினேன். துணி துவைத்தேன். காய்ந்தபோது சிவப்பாக இருந்தது.

ஜூன் 18, புதன்

மாசிலாமணி வந்தார். வெள்ளை வேட்டி, ஒரு கட்டு முருங்கைக்காய். உடன் கொம்பையா என்று ஒரு மேஸ்திரி. எருமைக் கழுத்து, வாயில் பாக்கு.

"வேலை எப்படிப் போவுது டீச்சர்? பூ கீ ஏதும் உண்டுமா?"

"முடிஞ்சதும் அறிக்கையில இருக்கும்."

"அறிக்கையில எழுதுறது ஒங்க கையில. நாங்க ஏழைப்பட்டவுக." கொம்பையா சிரித்தான். அனுமதி வருவதற்கு முன்பே தினம் எட்டு லாரி மண் போகிறது, ஏழைப்பட்டவர்கள்.

சாயங்காலம் தேரிப் பாதையில் ஒரு மண் லாரி வேண்டுமென்றே எங்கள் பக்கம் ஒடித்தது. பேச்சித்தாய் என்னைத் தள்ளிக்கொண்டு முள்ளில் விழுந்தாள். இருவருக்கும் கீறல். லாரியைப் பார்த்து நான் கத்திய வார்த்தைகளைக் கேட்டிருந்தால் என் மாணவிகள் காதைப் பொத்தியிருப்பார்கள்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் உரக்கடைக்காரர் கதவைத் தட்டிச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பேச்சித்தாயின் வலது கை மணிக்கட்டிலிருந்து விரல்வரை நொறுங்கியிருக்கிறது. விரல் எது, துணி எது என்று தெரியவில்லை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நேத்து சாயந்தரம் நாலு பேரு டீச்சர். கொம்பையா முன்னால நின்னான். ஊதுகொடியப் பிடுங்கிக் கட்டுக் கட்டா வச்சிருந்தானுவ. ஒவ்வொரு ஆடா அமுக்கிப் பிடிச்சு, வாயில திணிச்சானுவ. என்னை மரத்தோட சேத்துப் பிடிச்சுப் பாக்க வச்சானுவ. பதினோரு ஆடும் டீச்சர். ஒண்ணொண்ணா ஊதுச்சு. ராசாத்தின்னு ஒரு பெட்டை, செனை. அது என்னப் பாத்துக்கிட்டே கத்துச்சு."

தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

"பொறவு கொம்பையா, 'எடம் காட்டுன கை எதுட்டி?'ன்னான். நான் சொல்லல. 'காட்டுறவ சோத்துக் கையாலதான் காட்டிருப்பா'ன்னு பாறையில வச்சு, கல்லால..."

போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார். ஆடுகள் விஷச்செடி தின்று செத்தன. அவற்றை விரட்டப் போனவள் மேட்டிலிருந்து உருண்டு கை முறிந்தது. "இதான நடந்தது?" என்று எழுதி முடித்த பிறகு கேட்டார். நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பினாள்.

இடம் காட்டுன கை என்றானாம்.

போதும். தூங்க வேண்டும்.

ஜூன் 21, சனி

யார் சொல்லியிருப்பார்கள்? நாளெல்லாம் அதே யோசனை. செடியைப் பற்றித் தெரிந்தவர்கள் பேச்சித்தாய், நான். எங்களோடு கூடவே இருந்தவன் அருமைத்துரை. அவன் எப்போதும் தூங்குவதுபோலத்தான் தெரிகிறது. நிறுவனத்து ஆள் வேறு.

மத்தியானம் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். நேராகப் போய்க் கேட்டேன். "எவ்வளவு நாளா அவனுகளுக்கு உளவு சொல்ற?"

"ஐயோ டீச்சர், நான் என்ன சொன்னேன்? பார்சல ஒட்டுன உறையோட அப்படியே கொண்டு குடுத்தேன். அங்கன அவியதான்..."

அவன் முடிக்கவில்லை. என் கையில் தோண்டும் கரண்டி இருந்தது. புருவம் பிளந்து, ஒரு கண் முழுக்க ரத்தம். திருப்பி அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. துடைத்த துணியையே கண்ணில் பொத்திக்கொண்டு நடந்து போய்விட்டான். ஜீப்பின் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

துரோகிக்கு அது போதாது. ஆனால் பார்சல் என்று அவன் சொன்னபோது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மற்ற செடிகளுக்குத் தாள் மாற்றினேன். ஊதுகொடித் தாள்களைத் தொடவில்லை. கரண்டியைக் கழுவினேன்.

ஜூன் 24, செவ்வாய்

வலது தொடையிலிருந்து கீழே உணர்ச்சி இப்போதுதான் திரும்புகிறது. சுவரில் சாய்ந்து எழுதுகிறேன்.

காலையில் தனியாக ஏறினேன். இரண்டாம் மேட்டில் மண் அள்ளும் எந்திரம் நின்றது. மேலேயிருந்து வாரி வாரிக் கிழக்குச் சரிவில் கொட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கியது போக மிச்சமிருந்த மஞ்சள் எல்லாம் என் கண் முன்னால் மூடிப்போயிற்று. கத்திக்கொண்டு ஓடினேன். போனில் படம் எடுத்தேன். கொம்பையா போனைப் பிடுங்கி எந்திரத்தின் சங்கிலிப் பட்டைக்குக் கீழே எறிந்தான். தேங்காய்ச் சில்லு உடைகிற சத்தம்தான் கேட்டது. பன்னிரண்டாம் தேதி எடுத்த படங்களும் அதோடு போயின.

பிறகு தன் போனை எடுத்து எனக்குக் காட்டினான். என் தாளின் படம். என் கையெழுத்து.

"நல்ல எழுத்து டீச்சர் ஒங்களுக்கு. எந்த மேடு, எத்தன அடி, ஆட்டுக்கு என்ன ஆவும், எல்லாம் போட்டிருக்கீய. காட்டுனவ பேரு, தெரு எல்லாம் இருக்கு. நாங்க தேட வேண்டிய வேலையே இல்ல. படிச்சவிய படிச்சவியதான்."

அவனை அறைந்தேன். அவன் என்னை ஒரு கையால் தள்ளினான். சரிவில் உருண்டேன். எந்திரக்காரனுக்குச் சைகை காட்டினான். ஒரு கரண்டி மண் என் இடுப்புக்குக் கீழே விழுந்தது. ஒன்றே ஒன்று. என்ன கனம்! மூச்சு நின்றுபோய், அடுத்த கரண்டி தலைக்கு என்று கண்ணை மூடினேன். அவர்கள் சிரித்துக்கொண்டே எந்திரத்தை ஓட்டிக்கொண்டு போனார்கள். நானே கையால் பறித்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஜூன் 25, புதன்

எழுதிவிடுகிறேன். அவள் கையை உடைத்த கல் என் சீட்டிலிருந்து போனது. இருபதாம் தேதி ஆஸ்பத்திரியிலேயே எனக்குத் தெரியும். 'இடம் காட்டிய' என்பது என் வார்த்தை. ஆட்டுக்கு நஞ்சு என்பது நான் எழுதிய குறிப்பு. தெரிந்துகொண்டேதான் அருமைத்துரையை அடித்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புத்தி வேலை செய்தது, அதை வாயைத் திறக்க விடாமல் கரண்டியால் அடித்தேன்.

அறையில் இருக்கும் மூன்று சீட்டையும் கிழித்தேன். புதிதாக எழுதினேன். குறிப்பு இல்லை. கடைசி வரி இல்லை. இனி எந்தச் சீட்டிலும் எவர் பெயரும் இருக்காது. கிழித்ததை ஜன்னலில் விட்டேன், காற்று கொண்டுபோய்விட்டது.

ஜூன் 27, வெள்ளி

பேச்சித்தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். தொழுவம் காலியாகக் கிடக்கிறது. புழுக்கை மட்டும் கூட்டி ஓரமாக வைத்திருக்கிறாள். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, நிறுவனம், கொம்பையாவின் போன், எல்லாம். அவள் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இனி ஒனக்கு ஒரு ஆபத்தும் வராது. உன் பேரை எடுத்துட்டேன்" என்று புதுச் சீட்டைக் காட்டினேன்.

இடது கையால் அறைந்தாள். காது அடைத்துப்போயிற்று.

"எதுக்கு எடுத்தீய? யாரக் கேட்டு எடுத்தீய?"

"பேச்சி, அந்தப் பேராலதான்..."

"அந்தப் பேராலதான் அடி வாங்குனேன். அடி என்னோடது, பேரு மட்டும் ஒங்களோடதா, நெனச்சா எழுத, நெனச்சா அழிக்க? போலீஸு என்ன எழுதிருக்கான்? ஆடு தானா தின்னு செத்துச்சு, நான் தானா விழுந்தேன். ஊதுகொடி ஆட்டுக்கு ஆவாதுன்னு ஊருல எவனுக்கும் தெரியாது. நான் ஒங்ககிட்ட சொன்னேன். நீங்க சீட்டுல எழுதுனீய. அத வாசிச்சவன்தான் ஊட்டிருக்கான். அந்தச் சீட்டு அவிய கையில இருந்துச்சுங்கிறதுதான டீச்சர் எனக்குச் சாட்சி! அதப் போயி..."

"இந்த நாட்குறிப்பில இருக்கு. தேதியோட எழுதியிருக்கேன்."

"நோட்டுல இன்னைக்கி உக்காந்துகூட எழுதலாம்லா. கோர்ட்டுல கேக்க மாட்டானா?"

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எனக்குப் பாடம் எடுத்து முடித்ததும், "கஞ்சி கெடக்கு, குடிக்கீயளா?" என்று கேட்டாள். குடித்தேன். கன்னம் எரிந்தது.

ஜூன் 28, சனி

பஸ்ஸில் நிறுவனத்துக்குப் போனேன். மூன்றாந்தேதி ஊர்க் கல்யாண மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்று பலகையில் ஒட்டியிருந்தது. நான் கொடுக்காத செடிப் பட்டியலும் தயார். நாற்பத்திரண்டு செடி, அரியவகை இல்லை, கீழே பொன்சீலி என்று என் பெயர்.

"பதினேழாம் தேதி ஒரு மாதிரி அனுப்பினேனே?"

"அப்படி எதுவும் வரலியே மேடம்" என்றார் மேலாளர். மேஜைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து ஓங்கிவிட்டேன். அருமைத்துரையின் பிளந்த புருவம் நினைவுக்கு வந்தது. திரும்ப வைத்துவிட்டு வந்தேன். என் வாழ்நாளில் ஓங்கிய கையை இறக்கியது அநேகமாக இதுதான் முதல் தடவை.

ஜூன் 30, திங்கள்

அருமைத்துரையின் வீடு தேடிப் போனேன். புருவத்தில் ஐந்து தையல். வேலையை விட்டுவிட்டானாம். அவன் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் அருமைத்துரை. அன்னைக்கு நீ சொல்ல வந்ததைச் சொல்லவிடல. இப்போ சொல்வியா?"

தையலைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"அங்கன அவியதான் என் முன்னாடியே உறையப் பிரிச்சாவன்னு சொல்ல வந்தேன். மேலாளரு தாளப் பாத்துட்டு உடனே யாருக்கோ போன் போட்டாரு. எதக் குடுத்தாலும் நான் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிடுவேன் டீச்சர். இல்லன்னா பின்னால வரலன்னு சொல்லி டிரைவர் தலையிலதான் கட்டுவாவ."

போனில் காட்டினான். ஜூன் பதினேழு, பகல் பன்னிரண்டு பத்து. மேஜைமேல் என் தாள், அதன்மேல் மேலாளரின் மோதிரக் கை. பெரிதாக்கினால் ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. இடம் காட்டியவர், பேச்சித்தாய்.

ஒரு நிமிடம் பொறுத்துக் கேட்டிருந்தால் இது இருபத்தொன்றாம் தேதியே என் கையில் இருந்திருக்கும்.

"படத்த எடுத்துக்கிடுங்க. வேணும்னா கோர்ட்டுலயும் வந்து சொல்லுதேன். அது அந்தப் பொம்பளைக்காவ" என்றான். "ஆனா ஒங்க வண்டிய மட்டும் இனி ஓட்ட மாட்டேன் டீச்சர்."

சரி என்றேன்.

ஜூலை 3, வியாழன்

முன்பல் ஒன்று போய்விட்டது. எழுதப் பல் வேண்டாம்.

மண்டபம் நிறைய ஆள். பாதிப்பேர் மாசிலாமணி லாரியில் வந்தவர்கள். மேடையில் அதிகாரி. மேலாளர் பட்டியலை வாசித்தார். நான் எழுந்து செடி ஒட்டிய தாளையும் அருமைத்துரை எடுத்த படத்தையும் மேடையில் வைத்து, இது நான் எழுதிய பட்டியல் இல்லை என்றேன். அவ்வளவுதான். முதல் நாற்காலி எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை; இரண்டாவது வாயில் பட்டது. பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு பலமா! பெண்கள் பக்கம் அலறல். மைக் கம்பியைப் பிடுங்கி ஒருவன் இன்னொருவன் மண்டையில் போட்டான். வாயில் ரத்தத்தோடு நான் தாளின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். முதுகில் எத்தனை மிதி விழுந்தது என்று தெரியாது.

போலீஸ் தடியடி நடத்திக் கூட்டத்தை ஒதுக்கியபோது அதிகாரி மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து, "இந்தப் பேச்சித்தாய் யாரு? வந்திருக்காங்களா?" என்றார்.

கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவே அவள் நடந்து வந்தாள். கொம்பையா பத்தடியில் நின்றான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நான்தான். எடம் காட்டுனது நான்தான். இவன்தான் கேட்டான், எந்தக் கைன்னு." மாவுக்கட்டுக் கையைத் தூக்கினாள். "இந்தக் கை."

அதிகாரி படத்தின் தேதியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஜூலை 8, செவ்வாய்

கருத்துக்கேட்பு நிறுத்திவைப்பு. எந்திரம் தேரியை விட்டு இறங்கியாயிற்று. வழக்கு மாற்றி எழுதப்பட்டு, கொம்பையாவைப் பிடித்து, மூன்றாம் நாள் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். நேற்று பேச்சித்தாய் வீட்டு ஓட்டில் கல் விழுந்திருக்கிறது. அவள் தலைமாட்டில் அரிவாள் வைத்திருக்கிறாள். நான் அவள் வீட்டில்தான் படுக்கிறேன். என் தலைமாட்டில் கரண்டி.

அதிகாரி ஒன்று கேட்டிருக்கிறார்: செடி இப்போதும் அங்கே உயிரோடு இருக்கிறதா? இல்லையென்றால் எதைக் காப்பாற்றத் தடை? பிடுங்கியது பிடுங்கியாயிற்று, மிச்சத்தை மூன்றடி மண்ணால் மூடிவிட்டார்கள் என்று அழுகையாக வந்தது. பேச்சித்தாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"மூடத்தான செஞ்சான்?" என்றாள்.

நானும்தான் ஜூன் பன்னிரண்டாம் தேதி எழுதிவைத்திருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

ஜூலை 19, சனி

காலை ஏழு மணி. காற்று கன்னத்தை அறைகிறது. கொம்பையா கொட்டிய மேட்டில், அவன் எந்திரத்தின் தடத்துக்குள்ளேயே, ஒன்பது முளை. இரண்டில் மொட்டு. ஒன்று எங்கள் கண்முன் விரிந்தது.

மூடாமல் அள்ளிக்கொண்டு போயிருந்தால் அவன் ஜெயித்திருப்பான். என் சீட்டை அவ்வளவு கவனமாக வாசித்தவன். இதை மட்டும் நான் சீட்டில் எழுதவில்லை. அது பேச்சித்தாயின் வாயிலும் இந்த நோட்டிலும்தான் இருந்தது.

ஒரே ஒரு கிளை எடுத்தேன். மணலில் உட்கார்ந்து சீட்டை எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. கீழே பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தத் தூரத்திலும் அந்த எருமைக் கழுத்து யாருடையது என்று தெரிந்தது. பேச்சித்தாயும் பார்த்தாள். அரிவாளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எழுதுங்க" என்றாள்.

நாள்: ஜூலை 19. இடம்: கூனித்தேரி, இரண்டாம் மேடு, கிழக்குச் சரிவு. வாழிடம்: விழும் மணல், மூடினால் வளரும், மண் அகன்றால் மடியும். ஊர்ப்பெயர்: ஊதுகொடி. ஆடுகளுக்குக் கடும் நஞ்சு. எடுத்தவர்: பொன்சீலி. இடம் காட்டியவர்: பேச்சித்தாய், செங்குழிவிளை மேலத்தெரு. இடது கையால்.